யானை லத்திக் கொப்பியில் நான்கு மாதம்

எல்லாரும் முதலில் கேட்பதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: யானைச் சாணத்தில் செய்த கடதாசிதான், ஆனால் கொப்பி மணக்காது. நான் மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன், அம்மா பார்த்தார், ஒஃபிஸில் ஐந்தாறு பேர் வரிசையாகப் பார்த்தார்கள். புதிதில் பழைய சாக்கைப் பிரித்ததுபோல ஒரு மெல்லிய வாசம் இருந்தது. இரண்டு கிழமையில் அதுவும் போய்விட்டது.

வாங்கியது கொழும்பில் ஒரு கைவினைக் கடையில். வெளிநாட்டுக்காரர் வந்துபோகிற கடைகள் பலவற்றில் இதே மாதிரிக் கொப்பி இருக்கும் என்பதாலும், கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன் என்பதாலும் கடையின் பெயரைப் போடவில்லை. ஏ5 அளவு, 60 தாள், நூல் தையல், 1,650 ரூபாய். அட்டையில் ஒரு யானை, வேறென்ன இருக்கும். அந்தக் காசைப் புறக்கோட்டை மலிபன் வீதிக்குக் கொண்டுபோனால் மூன்று சி.ஆர். கொப்பி, அதாவது சாதாரணக் கோடு போட்ட கொப்பி, வாங்கலாம், பிளேன்ரீக்கும் மிச்சம் வரும். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனதே, அதற்குப் பிறகு பில் துண்டின் பின்பக்கத்தைக்கூட எறியாமல் வைத்திருக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் எதற்கு இதை வாங்கினாள் என்றால், கதை கொஞ்சம் நீளம்.

அப்பா போய் மூன்று மாதம் இருக்கும். நான் சரியாகத் தூங்குவதில்லை என்று கண்டுபிடித்த ஒஃபிஸ் சிநேகிதி ஒருத்தி என்னை ஒரு சனிக்கிழமை ‘ஜேர்னலிங்’ வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூன்று மணித்தியாலம், முழுக்க ஆங்கிலத்தில். அதில் பாதி நேரம் பூப்போட்ட டேப்பைக் கிழித்துக் கொப்பியில் ஒட்டுவதில் போனது, பிறந்தநாள் பரிசு சுற்றுவதுபோலத்தான். வகுப்பைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. படிப்பித்தவர் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986 இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். பல்கலைக்கழக மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் உலுக்கிய ஒன்றைப் பற்றி எழுதவைத்தாராம். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிட அவர்கள் வைத்தியரிடம் போனது குறைவு. இந்த மாதிரி எழுதும்போது இலக்கணம், எழுத்துப்பிழை ஒன்றையும் பார்க்கக் கூடாது என்பது விதியாம்.

சரி, இது செலவில்லாத வைத்தியம் என்று வீட்டுக்கு வந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து உட்கார்ந்தேன். 15 நிமிடம் எழுதினேன். மறுநாள் வாசித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அழவேண்டிய இடத்தில். ‘என் தந்தையார் மிகுந்த பொறுமையும் நேர்மையும் உடையவர். அவரது மறைவு எம் குடும்பத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பாகும்.’ அச்சு அசல் பத்திரிகையில் வரும் மரண அறிவித்தல். ‘அன்னார்’ என்று ஒரு சொல் போடாததுதான் குறை. நான்கு நாளும் இதே கதைதான். இலக்கணம் பார்க்காதே என்று ஒரு அமெரிக்கர் தன் ஆட்களுக்குச் சொல்லிவிடலாம். எங்களுக்குப் பேசும் தமிழ் ஒன்று, பேனையைப் பிடித்ததும் கை தானாக எழுதுகிற தமிழ் இன்னொன்று. ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைக்குப் புள்ளி போட்ட ரீச்சர் இன்னும் என் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறார். அப்பாவை நான் ஒரு நாளும் தந்தையார் என்று கூப்பிட்டதில்லை.

தமிழ் படிப்பிக்கிற மச்சான் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். 1736 இலிருந்து 1761 வரை, கிட்டத்தட்ட சாகும்வரை, நாட்குறிப்பு எழுதியவர். புலவர்கள் தேடிவந்து பாடிய மனிதர், ஆனால் தன் குறிப்பை அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். “அவருக்கு ரீச்சர் இருந்திருக்க மாட்டா” என்றார் மச்சான்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கொப்பி. ஒரு கலியாணப் பரிசு வாங்கப் போன கடையில் கண்ணில் பட்டது, எடுத்துவிட்டேன், பெரிய யோசனை ஒன்றும் இல்லை.

இப்போது கடதாசியைப் பற்றி. யானை தின்பதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வருகிறது, அதனால் சாணம் முழுக்க நார்தான். பின்னவலையில் 1975 இலிருந்து யானைகள் சரணாலயம் இருக்கிறது, கேகாலைப் பக்கம் இந்தக் கடதாசி செய்வது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. சாணத்தைக் கழுவி, மணிக்கணக்கில் அவித்துக் கிருமியைக் கொன்று, கழிவுக் கடதாசியோடு அரைத்துக் கூழாக்கி, வலைச் சட்டத்தில் அள்ளி வடித்துக் காயவைக்கிறார்கள். யானை எதைத் தின்றது என்பதைப் பொறுத்துத் தாளின் நிறமும் மாறும். என் கொப்பியில் முதல் இருபது தாள் பிளேன்ரீயில் பால் ஒரு துளி விழுந்த நிறம், நடுவில் நல்ல வைக்கோல் நிறம். 31 ஆவது தாளில் நகநீளத்துக்கு ஒரு நார் அப்படியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைப் பிடுங்கினால் ஓட்டை விழும், பிடுங்கவேண்டாம்.

எழுதுவதற்கு இது மோசமான கொப்பி. ஜெல் பேனையால் முதல் வரி எழுதினேன், மை நாரைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டது. கடையில் விற்கும் சாதாரணக் கடதாசிக்கு மை ஊறாமலிருக்க மாப்பசை, பிசின் மாதிரி ஏதாவது சேர்ப்பார்கள், இதில் அது போதாது, அதனால் ஒற்றுத்தாள் மாதிரிக் குடிக்கிறது. ஆங்கில எழுத்துக்குப் பரவாயில்லை, தமிழுக்குத்தான் வினை. மூன்று சுழி ண ஒரு கறுத்தக் கட்டியாகிவிடும், ஞவைப் பார்த்தால் நசுங்கிய எறும்பு, மெய்யெழுத்தின் புள்ளி பயறு அளவுக்கு வீங்கி மேல் வரியைத் தொடும். ஓலையில் எழுதியவர்கள் எழுத்தாணி குத்திக் கிழித்துவிடும் என்று புள்ளியே வைக்காமல் விட்டார்களாம், அவர்கள் கஷ்டம் எனக்கு அன்றைக்கு விளங்கியது. ஊற்றுப்பேனை என்றால் பின்பக்கம் மட்டுமில்லை, அடுத்த தாளுக்கும் போகும். போல்பொயின்ட் எண்ணெய் மை என்பதால் ஊறாது, ஆனால் நுனி நாரில் தடக்கித் தடக்கி நிற்கும். ஒரு நீள வசனம் எழுதி முடிக்கக் கை நோகிறது.

எனக்கு உதவியது அந்தக் கை நோவுதான் என்று நினைக்கிறேன். பேனையை எறிந்துவிட்டு 4பி பென்சில் எடுத்தேன், வேறு ஒன்றும் தோன்றாமல் மேசையில் கிடந்த அப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கீறினேன். நான் ஓவியக்காரி இல்லை, ஓ.எல். பரீட்சையில் சித்திரத்துக்கு எஸ், மட்டுமட்டாகப் பாஸ், எடுத்தவள். இரண்டு வட்டமும் இரண்டு அளவில் வந்தன. ஆனால் இந்தத் தாளில் பென்சில் போகிற விதம் வேறு: சொரசொரப்பில் கரி பிடித்து, கொஞ்சம் சாய்த்துத் தேய்த்தாலே நிழல் வந்துவிடுகிறது. தாள் மண்ணிறமாக இருப்பதால் வெள்ளைப் பென்சில் எடுபடும். கண்ணாடியின் வலது வில்லையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில் வெள்ளையால் ஒரு சின்னக் கோடு வைத்தேன், அவ்வளவுதான், கண்ணாடி கண்ணாடியாகிவிட்டது. வெள்ளைத் தாளில் இது நடக்காது. கீழே, இடம் இல்லாததாலும் நீளமாக எழுத முடியாததாலும், ‘அப்பாட கண்ணாடி. இடது கால் உடைஞ்சது. நூல் சுத்தினது நான்தான், கடைக்குக் குடுக்க விடேல்ல’ என்று மட்டும் எழுதினேன்.

எழுதின பிறகுதான் கவனித்தேன், ரீச்சர் வரவில்லை.

நான்கு மாதத்தில் 38 தாள் முடிந்திருக்கிறது. ஒரு தாளில் ஒரு பொருள், கீழே இரண்டு மூன்று வரி. அப்பாவின் பாத்றூம் செருப்பு, 100 ஆம் இலக்க பஸ்ஸின் கைபிடிக் கம்பி, அம்மா துருவலையில் குந்தி இருக்கிற முதுகு, வெள்ளவத்தைக் கடற்கரை ரயில் பாதையில் குடையோடு நடந்துபோன ஒரு கிழவர். சி.ஆர். கொப்பியையும் விடவில்லை, அதில் இப்போது கணக்கு எழுதுகிறேன்.

நிறம் பற்றிக் கேட்பீர்கள். வோட்டர் கலர் வேண்டாம். தாள் தண்ணீர் கண்டதும் அப்பளம் மாதிரி நெளிகிறது, நிறம் உள்ளே போய் மங்கிவிடுகிறது, மஞ்சள் போட்ட இடமே தெரியவில்லை. வோட்டர் கலருக்குத் தடித்த 300 ஜீ.எஸ்.எம். தாள் தனியாக வாங்குங்கள். ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில், 1993 இல் தொடங்கிய கலா பொல ஓவியச் சந்தை நடக்கிற அதே வீதியில், பூங்கா ஓரமாகப் படங்களைச் சாத்தி வைத்து விற்கிற ஓவியர் ஒருவரிடம் கொப்பியைக் காட்டிக் கேட்டேன். தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கிட்டவும் கொண்டுவராதே, காய்ந்த நிறம் மட்டும் போடு என்று சிங்களத்தில் சொன்னார். அவர் சொன்னது சரி. சோக் பாஸ்டலும் கரியும் இதில் அருமையாகப் பிடிக்கின்றன, தூள் கொட்டுவதைச் சமாளித்தால்.

மை ஊறுவதற்கு நானே ஒரு வைத்தியம் செய்து பார்த்தேன். பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுவதில்லையா, அதே கஞ்சியைத் தண்ணியாக ஒரு தாளில் பூசி, காயவிட்டு, சோகியால் தேய்த்தேன். வேலை செய்தது! ணவின் மூன்று சுழியும் தெரிந்தன. சிவப்பரிசிக் கஞ்சி என்பதால் தாள் கொஞ்சம் ரோஸ் நிறமாகப் போனது, பரவாயில்லை. மூன்றாம் நாள் அந்தத் தாளை மட்டும் தேடி இராமபாணப் பூச்சி வந்துவிட்டது. கடல் பக்கத்து வீடு, எப்படியும் ஈரக்காற்று, இந்தக் கொப்பியை அலுமாரியின் அடியில் போட்டுவிட்டு மறந்தீர்கள் என்றால் பூஞ்சணம் பிடிக்கும். வேப்பிலை இரண்டு வைத்திருக்கிறேன், கிழமைக்கு ஒருதரம் வெயிலில் விரிக்கிறேன், அப்பளத்துக்குப் பக்கத்தில்.

அப்படி விரித்திருந்த ஒரு நாள் அம்மா எடுத்துப் பார்த்துவிட்டார். எங்கள் வீட்டில் டயரிக்குத் தனி மரியாதை ஒன்றும் கிடையாது, கண்ணில் பட்டால் வாசிப்பார்கள். துருவலைப் படத்தைப் பார்த்து, “என்ர முதுகு இவ்வளவு கூனோ” என்றார். பிறகு கண்ணாடிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, நான் எதிர்பார்க்காதது, கடதாசி எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன், ஊறவைத்து, அரைத்து, கூழாக்கி. “அப்ப திரும்பவும் கரையுமோ?”

எனக்கு விளங்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பாவும் டயரி எழுதியிருக்கிறார், வருசக் கடைசியில் பாங்கில் இலவசமாகக் கொடுப்பார்களே, அந்த டயரிகளில். தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், வெள்ளவத்தையில் ஆமியும் பொலிஸும் சுற்றிவளைப்பு என்று விடிய முன்னம் கதவைத் தட்டுகிற காலத்தில், தமிழில் எழுதிய எதுவும் வீட்டில் இருக்கவே பயம். எரித்தால் அனெக்ஸ் வீட்டில் புகை தெரியும். அதனால் ஒரு இரவு ஒன்பது டயரியையும் பக்கம் பக்கமாகக் கிழித்து, பாத்றூம் வாளியில் ஊறப்போட்டு, கையால் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியிருக்கிறார்கள், இரண்டு பேருமாக. அதில் என்ன இருந்தது என்று கேட்டேன். “என்ன இருக்கும். பால் காசு. மழை. நீ நடந்தது. ஆர் வந்தது, ஆர் போனது.” அப்பா அதற்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லையாம். எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, இதை நான் கேட்டது வெயிலில் காய்ந்த கொப்பிக்குப் பக்கத்தில் இருந்துதான்.

‘நீ நடந்தது’ என்பதை 36 ஆம் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வாளியைக் கீறினேன், சரியாக வரவில்லை, கைபிடி கோணல்.

சரி, வாங்கலாமா என்றால். தினமும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர் என்றால் வேண்டாம், சி.ஆர். கொப்பியே போதும், கைக்கும் நல்லது. படம் கீறுகிறவர், அல்லது எழுத உட்கார்ந்தாலே மரண அறிவித்தல் வருகிற என்னைப்போன்ற கேஸ் என்றால் ஒன்று வாங்கிப் பாருங்கள். தையல் உறுதியாக இருக்கிறது, அட்டை மூலை மட்டும் ஒரு மாதத்தில் பிரிந்தது, மாப்பசை போட்டேன். விலை கூடத்தான். கோடு போட்ட கொப்பியும் விற்கிறார்கள், அதை எடுக்கவேண்டாம், கோடே ஊறிப்போய் இருக்கும். அழிறப்பர் பாவித்தால் நார் கிளம்பி மயிர் மாதிரி நிற்கும், பிழையை அப்படியே விட்டுவிடுங்கள். கடையில் எடுக்கும்போது தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், சில கொப்பிகளில் நடுத்தாள்கள் ஜன்னல் திரை மாதிரி மெல்லிசு. கடைப் பிள்ளை ஒரு பார்வை பார்க்கும், பார்க்கட்டும்.