மெஷின் டபுளிங் காசை டபுள் டை என்று தலையில் கட்டிவிட்டான்: பதினெட்டாயிரம் போச்சு

கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன். என்னிடம் அந்தக் காசை விற்ற ஆள் இந்த நிமிடமும் கடை விரித்துத்தான் உட்கார்ந்திருக்கிறான். தளத்தின் பெயர் வேண்டாம். பழைய நாணயங்களை யார் வேண்டுமானாலும் ஏலத்துக்குப் போடலாம் என்று வைத்திருக்கும் ஆன்லைன் சந்தை, அவ்வளவு தெரிந்தால் போதும். போனது பதினெட்டாயிரம். டபுள் டை என்றால் காசு அடிக்கும் அச்சிலேயே (அதுதான் டை) எழுத்து இரட்டையாகப் பதிந்து வந்த காசு; மெஷின் டபுளிங் என்றால் அடிக்கும்போது அச்சு நகர்ந்து எழுத்தின் ஓரம் இழுபட்ட காசு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அவன் விற்றது 1969-எஸ் லிங்கன் சென்ட், அமெரிக்காவின் ஒரு சென்ட் காசு. எரர் காசுகள், அதாவது அடிக்கும்போது பிழையாகிப்போன காசுகள் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தவர்களுக்கே இந்தப் பெயரைக் கேட்டால் கை பரபரக்கும். சான் பிரான்சிஸ்கோவில் அடித்த அந்தச் சென்டில் அசல் டபுள் டை அவ்வளவு அபூர்வம். தொடக்கத்தில் கிடைத்த சிலவற்றைக் கள்ளக் காசு என்று நினைத்து அமெரிக்காவின் சீக்ரெட் சர்வீஸே பறிமுதல் செய்தது, பிறகுதான் அசல் என்று தெரிந்தது.

விலை குறைவாக இருக்கிறதே என்று நேராகவே கேட்டேன். “கிரேடிங் பண்ணாத காசு சார், அதான். பண்ணினா எங்கேயோ போயிடும். எனக்கு இப்ப அவசரம், உங்களுக்கு அதிர்ஷ்டம்” என்றான். கிரேடிங் என்பது ஒரு நிறுவனம் காசை ஆராய்ந்து அசலா, என்ன தரம் என்று சான்று தருவது. போனில் பொறுமையாகப் பேசினான். 1955 சென்டைப் பற்றிப் பாடமே எடுத்தான்: பிலடெல்பியாவில் ஒரு டையில் உருவம் கோணலாக இரண்டு தடவை பதிந்து, 20,000-க்கும் மேற்பட்ட இரட்டை எழுத்துக் காசுகள் எப்படி வெளியே போயின, அவற்றில் நிறைய சிகரெட் பாக்கெட்டுகளோடு சில்லறையாக எப்படி ஜனங்கள் கைக்கு வந்தன என்றெல்லாம். சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அரைகுறையாக உளறியிருந்தால் அப்போதே விலகியிருப்பேன். விஷயம் தெரிந்தவன், காசை நேசிக்கிறவன் என்ற நம்பிக்கை அங்கேதான் வந்தது. பதினெட்டாயிரத்தை அனுப்பினேன். “பத்திரமா வெச்சுக்கோங்க சார், இது மாதிரி இனி கிடைக்காது” என்று ஆசீர்வாதம் வேறு.

காசு வந்தது. அட்டை உறையில் சிவப்பு மையில் ‘டிடிஓ’ (தலைப் பக்கத்து டபுள் டை என்பதன் சுருக்கம்) என்று எழுதியிருந்தது. பத்து மடங்கு லென்ஸை வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். 1969-இல் உள்ள 9 எண்களின் வலது ஓரத்தில் பளபளப்பாக ஒரு தட்டையான படிக்கட்டு. எழுத்தின் உயரத்துக்கு அது எழும்பவே இல்லை, காசின் தரையை ஒட்டி நசுங்கிக் கிடந்தது. எண்ணின் உடம்பும் இருக்க வேண்டியதைவிட ஒல்லி. அதற்குக் கீழே, எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் மின்ட் மார்க் ‘எஸ்’ (சான் பிரான்சிஸ்கோ). அதே பக்கம், அதே தட்டைப் படி.

அந்த எஸ்ஸைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. அந்தக் காலத்தில் மின்ட் மார்க் ஹப்பில், அதாவது டையில் உருவத்தைப் பதிக்கும் மூல அச்சில், இருக்காது. டை தயாரான பிறகு தனியாகக் கையால் குத்துவார்கள். டபுள் டை என்பது அதற்கு முன்பே, ஹப்பை டையின் மேல் ஒரு தடவைக்கு மேல் அழுத்தும்போது, இரண்டாவது அழுத்தம் கொஞ்சம் திரும்பி விழுவதால் வருவது. அதனால் அசல் 1969-எஸ் டபுள் டையில் தேதி இரட்டையாக இருக்கும், ‘லிபர்டி’ இரட்டையாக இருக்கும், எஸ் மட்டும் ஒற்றையாக நிற்கும். தேதியும் எஸ்ஸும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் அது காசு அடிக்கும் நேரத்தில் நடந்தது. ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டு எடுக்கும்போது கை நழுவினால் மை இழுபடுமே, அதுபோல டை பிடிமானம் தளர்ந்து, அடித்த கையோடு நகர்ந்து, எழும்பி நிற்கும் எழுத்தின் ஓரத்தைச் சிராய்த்துவிட்டுப் போகிறது. அதுதான் மெஷின் டபுளிங். 1969-எஸ் சென்டிலேயே அப்படி இழுபட்ட காசுகள் ஏராளமாக இருக்கின்றன.

இப்போது அவன் அனுப்பிய படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தேதியின் படம் எண்களின் அடியோடு வெட்டப்பட்டிருக்கிறது. எஸ் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. தெரியாமல் செய்தவன் அவ்வளவு கணக்காக வெட்டமாட்டான்.

போன் செய்தேன். “டபுளிங் இருக்கா இல்லையா சார்? இருக்குல்ல? அப்புறம் என்ன?” என்றான். எஸ்ஸைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. “ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்லுவாங்க.” அடுத்து, “மெஷின் டபுளிங்கும் கலெக்டபிள்தான் சார், அதுக்குன்னு ஆள் இருக்கு.” அதன் பிறகு போனை எடுப்பதே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதாம். விற்பனைக் குறிப்பில் ‘டபுளிங்’ என்றுதான் இருக்கிறதாம், பொருள் குறிப்போடு ஒத்துப்போகிறதாம். நான் வாங்கியபோது அங்கே ‘டபுள் டை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எப்போது மாற்றினான்? யாரைக் கேட்டாலும் பதில் இல்லை, புகார் முடிக்கப்பட்டது என்று ஒரு மெயில் வந்தது. பதினெட்டாயிரத்துக்கு ஒரு மெயில்.

“அதுக்குன்னு ஆள் இருக்கு” என்று அவன் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களை இந்தப் பேச்சுதான் கவிழ்க்கிறது. மெஷின் டபுளிங் காசுக்கு முகமதிப்புக்கு மேல் ஒரு காசுகூடத் தர வேண்டியதில்லை. டபுள் டை என்றால் அந்த டையில் அடித்த ஒவ்வொரு காசும் ஒரே மாதிரி இருக்கும், பட்டியலில் உள்ள படத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம், எண் கொடுத்து அடையாளம் சொல்லலாம். மெஷின் டபுளிங் அந்த ஒரு அடியில் நடந்த ஆட்டம். அடுத்த காசில் கூடலாம், குறையலாம், காணாமலே போகலாம். அதை எதோடு ஒப்பிடுவது? எந்த நாட்டு நாணயச் சாலையிலும் நடக்கிற சங்கதி, அரிதும் கிடையாது. என்ஜிசி போன்ற கிரேடிங் நிறுவனங்கள் இதை வகையாகவும் சேர்ப்பதில்லை, எரராகவும் சேர்ப்பதில்லை. சில்லறையில் தானாகக் கிடைத்தால் எடுத்து வையுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்ணைப் பழக்க அதைவிட நல்ல சாமான் இல்லை. காசு கொடுத்து வாங்காதீர்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு. 1955 சென்டிலேயே டை தேய்ந்துபோனதால் கடைசி 5 மட்டும் நிழல் விழுந்த மாதிரி தெரியும். அதையும் ‘ஏழைகளின் டபுள் டை’ என்று பெயர் வைத்துப் பல காலமாக விற்கிறார்கள். அதுவும் டபுள் டை இல்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு ஓடவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன். அசல் டபுள் டையில் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு எழும்பி நிற்கும், எழுத்து தடிமனாகும், முனைகளில் இரண்டாகப் பிளந்த வெட்டு தெரியும். தட்டையாக, பளபளவென்று, எழுத்தை ஒல்லியாக்கியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பழைய காசானால் மின்ட் மார்க்கைக் கட்டாயம் பாருங்கள். விற்பனைக் குறிப்பை வாங்கும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கிரேடிங் பண்ணாத ‘அபூர்வக் காசு’ என்றால், கிரேடிங் முடிந்து வந்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த ஆள் நேற்று இன்னொரு 1969-எஸ் போட்டிருக்கிறான். தேதிப் படம் மறுபடியும் எண்களுக்குக் கீழே வெட்டப்பட்டிருக்கிறது. ஏலம் ஏறிக்கொண்டிருக்கிறது. அதில் கை வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், பணம் அனுப்பும் முன் எஸ்ஸின் படத்தைக் கேளுங்கள்.