தீவனக் கடைக்காரனின் சினிமா கணக்கு

புதுத் தீவனம் எப்படி இருக்கிறது என்று கடையில் யாராவது கேட்டால் நான் அன்றைக்கே பதில் சொல்வதில்லை. மாடு ரெண்டு மாசம் தின்னட்டும், சொசைட்டியில் பால் அளக்கும்போது தெரிந்துவிடும் என்பேன். சினிமாவுக்கும் அதே கணக்குதான். முதல் நாள் விசில் சத்தத்தில் எல்லாப் படமும் நல்ல படம்தான். ஒரு வருஷம் கழித்து, மூட்டை இறக்கிவிட்டு டீ குடிக்கும்போது எந்தக் காட்சி தானாக ஞாபகம் வருகிறதோ அதற்குத்தான் என் மார்க். 2021 கடைசியிலிருந்து பார்த்த அடிதடிப் படங்களையும் விஞ்ஞானக் கற்பனைப் படங்களையும் அப்படித்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய ரசிகன் எல்லாம் இல்லை, மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ பார்க்கிற ஆள்.

ஊர் கொழிஞ்சாம்பாறை. ஜில்லா பாலக்காடு, பேச்சு தமிழ். கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி, வேலந்தாவளம் வழியாகப் போனால் கோயம்புத்தூர். ஒரே படத்தை எந்த ஊரில், எந்த மொழியில் பார்ப்பது என்று யோசிக்கிற சொகுசு எங்களுக்கு உண்டு.

2023 அக்டோபரில் 'லியோ' வந்தபோது அந்தச் சொகுசு நன்றாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கே. வழக்கமாக அந்தப் பக்கத்து ஆட்கள் கள்ளுக்காக எல்லை தாண்டி வருவார்கள், அன்றைக்கு ராத்திரி படத்துக்காக வந்தார்கள். நானும் மச்சானும் பாலக்காட்டில் பார்த்தோம். கழுதைப்புலி வருகிற காட்சிக்குத் தியேட்டரே எழுந்து நின்றது. காபிக் கடைச் சண்டை பிரமாதம். இரண்டாம் பாதியில் எனக்குக் கண் சொக்கிவிட்டது. படத்தின் குற்றமா, நாலு மணியின் குற்றமா என்று தெரிய வேண்டாமா? ஆறு மாதம் கழித்து மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் டிவியில் போட்டுப் பார்த்தேன். படத்தின் குற்றம்தான்.

'லியோ'வை எடுத்த அதே லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' 2022இல் வந்தது. பீரங்கி வரைக்கும் வைத்துச் சுட்டார்கள். ஆனால் இன்றைக்கும் என் கண்ணில் நிற்பது அந்த வீட்டில் வேலை செய்கிற அம்மா சட்டென்று நிமிர்ந்து சண்டைக்குத் தயாராகிற இடம். அதில் நடித்த வசந்தி டான்ஸ் உலகிலிருந்து வந்தவர். 'லியோ'வின் காபிக் கடையில் மிரட்டிய சாண்டியும் டான்ஸ் மாஸ்டர்தான். ஆடத் தெரிந்தவர்கள் சண்டை போட்டால் கை கால் எங்கே இருக்கிறது என்று நமக்குக் குழப்பமே வருவதில்லை. மற்ற படங்களில் கேமரா ஆடுகிற ஆட்டத்தில் யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியாமல் டிக்கெட் காசு போயிருக்கிறது.

காலச் சுழல் படங்களில் 'மாநாடு' எனக்கு முதல். ஒரே நாள் திரும்பத் திரும்ப வந்தாலும் சலிக்கவில்லை. நமக்குத் தெரிந்த இடத்தை எல்லாம் டக்கென்று தாண்டிவிடுகிறார்கள். வில்லனுக்கும் அந்தச் சுழல் தொற்றிய பிறகு எஸ்.ஜே. சூர்யா படுகிற பாட்டுக்காகவே மூன்று முறை பார்த்தேன். அவரே இருக்கிற 'மார்க் ஆண்டனி'யும் சிரிப்புக்குப் பழுதில்லை. 'அயலான்' என் அக்கா பையனுக்குப் பிடித்தது, எனக்கு அந்த வேற்றுக்கிரகப் பொம்மையை மட்டும் பிடித்தது.

இனி அம்மா கட்சிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் உண்மையான விமர்சகர் அவர்தான். 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நெட்ஃப்ளிக்ஸில் 'மின்னல் முரளி' வந்தது. பாசில் ஜோசப் படம். மின்னல் அடித்து ஒரு தையல்காரனுக்குச் சக்தி வருகிறது, டீக்கடையில் வேலை செய்கிற இன்னொருவனுக்கும் வருகிறது. அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, மின்னல் அடிச்சா கரிஞ்சுல்ல போவான்?" அதற்குப் பிறகு கேள்வியே இல்லை. வில்லன் ஷிபுவாக வருகிற குரு சோமசுந்தரம் பல வருஷம் ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கடைசியில் அவள் சரி என்கிறபோது அந்த மனுஷன் முகத்தில் சிரிப்பும் அழுகையும் கலந்து ஒன்று ஓடும். அந்த இடத்தில் அம்மா டிவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்லனுக்காக எங்கள் வீட்டில் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை. நான்கு முறை பார்த்தாயிற்று, இன்னும் குறையவில்லை. ஊரே தெரிந்த ஊர் மாதிரி இருப்பதால் அங்கே ஒரு கடை எரிந்தால்கூட நமக்குப் பதறுகிறது. கண்ணாடிக் கட்டடங்கள் நூறு இடிந்து விழுகிற ஹாலிவுட் படத்தில் அந்தப் பதற்றம் எனக்கு வந்ததே இல்லை.

2025 ஆகஸ்டில் வந்த 'லோகா' முதல் அத்தியாயத்துக்கு அம்மாவையே பாலக்காட்டுக்குக் கூட்டிப் போனேன். கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின், அதாவது பனையில் குடியிருக்கிற பெண் பேயின், பழைய கதையை எடுத்து, கல்யாணி பிரியதர்ஷனை நாயகியாக வைத்து டொமினிக் அருண் எடுத்த படம். சுமார் 30 கோடியில் எடுத்து 300 கோடிக்கு மேல் வசூலித்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் பனைமரத்துக்குப் பஞ்சமில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கிற யட்சிக் கதை கேட்காமல் வளர்ந்த குழந்தையும் இல்லை. அம்மா வெளியே வந்ததும் சொன்னார்: "நீலின்னா பனையில இருக்கோணும். இவ பெங்களூர்ல வாடகை வீட்ல இருக்கா. பரவால்ல, அடி மட்டும் பழைய அடிதான்." இதிலும் போலீஸ் வில்லன் நம் சாண்டி மாஸ்டர்! இரண்டாம் பாதியில் அடுத்த பாகத்துக்கு ஆள் சேர்க்கிற வேலை அதிகம். அது மட்டும் எனக்கு உறுத்தல்.

'கல்கி 2898'ஐ 2024 ஜூனில் பார்த்தேன். மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தைப் பொறுத்துக்கொண்டால் அமிதாப் பச்சன் அஸ்வத்தாமாவாக எழுந்து நிற்கிறார், அதற்குப் பிறகு பிரபாஸ் சின்னப் பையன் மாதிரிதான். கமல் கொஞ்ச நேரமே வந்தாலும் குரலிலேயே பயமுறுத்துகிறார். ஆனால் என் அபிமானம் புஜ்ஜி. கீர்த்தி சுரேஷ் குரலில் பேசுகிற அந்த 6 டன் வண்டி நிஜமாகவே ஓடுகிற வண்டி. மஹிந்திராவோடு சேர்ந்து அதைச் செய்தது கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனம். நம்மூர் லேத்துப் பட்டறைக் காற்று பட்ட வண்டி என்று தெரிந்ததும், கம்ப்யூட்டரில் வரைந்த விமானங்களை எல்லாம் விட்டுவிட்டு அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'டியூன்' இரண்டாம் பாகத்தைக் கோவை ஐமேக்ஸில் பார்த்தேன். மணல் புழு வருகிறபோது நாற்காலி அதிர்ந்தது, முழங்காலில் வைத்திருந்த பாப்கார்ன் டப்பா நகர்ந்தது. பிறகு வீட்டில் 32 இஞ்ச் டிவியில் போட்டால் புழு மண்புழு ஆகிவிட்டது. 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' நேர் எதிர். தியேட்டரில் பார்க்கவே கிடைக்கவில்லை, அதே டிவியில் பார்த்தேன். போரில் சாகத் துணியாமல் திரும்பிய விமானி ஒருவன், ஒரு மரப்படகு, பின்னால் துரத்தி வருகிற காட்ஜில்லாவின் தலை. அவ்வளவுதான், உள்ளங்கை வியர்த்துவிட்டது. 35 பேர் சேர்ந்து செய்த கிராபிக்ஸுக்கு 2024இல் ஆஸ்கர் கொடுத்தார்கள். டாம் குரூஸின் கடைசி 'மிஷன்' படத்தில் கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பல் உருளுகிற இடம், கிட்டத்தட்ட வசனமே இல்லாமல், அந்த ரகம். ஆனால் அதுவரை பழைய கதையைப் பேசியே நேரத்தைக் கரைத்தார்கள்.

'அவதார்' இரண்டாம் பாகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு தியேட்டரில் 3டி கண்ணாடிக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, கீறல் விழுந்து கைரேகை அப்பின ஒன்றைக் கொடுத்தார்கள். வேட்டி நுனியால் துடைத்தேன், இன்னும் மங்கியது. திரையிலும் வெளிச்சம் போதவில்லை. 192 நிமிஷமும் கடலை மூடுபனிக்குள் பார்த்த மாதிரி இருந்தது. மாற்றிக் கேட்டதற்கு, "எல்லாம் இப்படித்தான் சேட்டா" என்று பதில் வந்தது. 2025 டிசம்பரில் மூன்றாம் பாகம் வந்தபோது 2டியில் எங்காவது ஓடுகிறதா என்று பக்கத்து ஊர்களில் எல்லாம் விசாரித்தேன். கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "விடு, அந்த டீக்கடைக்காரன் படத்தைப் போடு" என்றார்.