கிராலர் செட் வாங்கும் முன் காந்தமும் தராசும் எடுத்துக்கொண்டு போங்கள்

1/10 அளவு ராக் கிராலரை (பாறைமேல் மெதுவாக ஏறும் ரிமோட் வண்டி) வீட்டிலேயே கட்டத் திட்டமிடுபவர்கள், அதிலும் "மொத்தமா செட்டா தர்றேன், நீங்க மாட்டினா போதும்" என்று சொல்பவரிடம் முன்பணம் கட்டப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். சென்னையில் ஒரு விற்பனையாளரிடம் நாங்கள் ₹26,500-க்கு வாங்கிய செட்டில், சொன்னபடி இருந்தவை டிரான்ஸ்மிட்டரும் டயரும் மட்டும்தான். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை.

பட்டியலில் எழுதிக் கொடுத்தது இது: 313 மிமீ வீல்பேஸ் சேசிஸ், ஸ்டீல் கியர் ஆக்சில் ஒரு ஜோடி, 55 டர்ன் 540 அளவு மோட்டார், டிராக் பிரேக் (திராட்டிலை விட்டதும் வண்டியைப் பிடித்து நிறுத்துவது) உள்ள 60 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 35 கிலோ சர்வோ (ஸ்டீயரிங்கைத் திருப்பும் மோட்டார்), 5200 எம்ஏஎச் 2எஸ் (இரண்டு செல்) லைபோ பேட்டரி, 1.9 இஞ்ச் பீட்லாக் வீல் (டயரை வளையம் வைத்து இறுக்குவது), 120 மிமீ டயர், டிரான்ஸ்மிட்டர்.

பேட்டரியில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் போனது பணம் மட்டுமல்ல, வீடே தீப்பிடித்திருக்கும். 5200 எம்ஏஎச் ஹார்ட்கேஸ் 2எஸ் பேக் பொதுவாக 250 முதல் 300 கிராம் வரை இருக்கும். வந்தது சமையலறைத் தராசில் 168 கிராம். சார்ஜரில் செல்லுக்கு 4.2 வோல்ட் வரை ஏற்றி, 1 ஆம்பியரில் 3.2 வோல்ட் வரை இறக்கியபோது வெளியே வந்தது 2,340 எம்ஏஎச். ஒரு செல்லின் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் (உள் மின்தடை) 18 மில்லி ஓம், அடுத்ததில் 41. புதுப் பேக்கில் இரண்டு செல்லுக்கும் இவ்வளவு வித்தியாசம் வராது. பழைய செல்லைப் புதுப் பெட்டியில் அடைத்திருக்கிறார்கள். லேபிளை நம்பி 1சி (பேக்கின் கொள்ளளவுக்குச் சமமான ஆம்பியர்) என்று 5.2 ஆம்பியரில் சார்ஜ் போட்டால், உள்ளே இருக்கும் சின்ன செல்லுக்கு அது 2சி-க்கும் மேல். இரண்டாவது சார்ஜிலேயே பெட்டியின் பக்கவாட்டு ஒட்டு விலகி, உள்ளே இருந்த செல் உப்பியிருந்தது. மே மாத வெயிலில் வண்டி டிக்கியில் வைத்த லைபோ தானாகவே சூடேறும்; இப்படிப்பட்ட பேக்கை அங்கே வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது ஆக்சில். கிராலரின் ஆக்சில் பொதுவாக லாக் செய்யப்பட்டது, இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும். 120 மிமீ டயர் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கினால் மோட்டாரின் மொத்த முறுக்கும் கிரவுன் வீலின் (ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) இரண்டு மூன்று பல்லில் போய் உட்காரும். அதனால்தான் அங்கே கடினப்படுத்திய ஸ்டீல் வேண்டும் என்கிறோம். இந்தச் செட்டின் முன் ஆக்சில் முதல் ஓட்டத்திலேயே டிக் டிக் என்று சத்தம் போட்டது. மூடியின் நான்கு எம்3 ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால் கிரவுன் வீலில் அடுத்தடுத்து மூன்று பல் இல்லை. உடைந்த இடம் கல் உப்பை உடைத்தது போல மணிமணியாக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. வெளியே கறுப்பு முலாம். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்ததும் முலாம் போய் வெள்ளையாக மின்னியது. காந்தம் ஒட்டவே இல்லை. ஸ்டீல் கியர் என்று பணம் வாங்கிக்கொண்டு துத்தநாகக் கலவையில் வார்த்த கியரை வைத்திருக்கிறார்கள்.

காந்தம் ஒன்று பையில் இருந்தால் கடையிலேயே இது தெரிந்திருக்கும். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ நான்குதான், மூன்று நிமிட வேலை. திறக்க மறுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் கியரை மட்டும் மாற்றினால் போதாது: உடைந்த பல்லின் துகள் பேரிங்குக்குள் போயிருக்கும், மண்ணெண்ணெயில் கழுவிச் சுற்றிப் பார்த்து, கரகரப்பு இருந்தால் பேரிங்கையும் மாற்றுங்கள். புதுக் கிரவுன் வீலுக்குப் பின்னால் 0.1 மிமீ ஷிம் (மெல்லிய வளையம்) வைத்து, பினியனை (அதை ஓட்டும் சின்னப் பல்சக்கரம்) விரலால் ஆட்டும்போது இம்மியளவு ஆட்டம் இருக்கும்படி, ஆனால் சுற்றும்போது எந்த இடத்திலும் இறுகாதபடி அமையுங்கள். ஆட்டம் அதிகமானால் நல்ல ஸ்டீல் பல்லும் நுனியில் கடித்துத் தேயும்.

மோட்டாரில் ஸ்டிக்கர் 55 டர்ன். டர்ன் என்பது உள்ளே கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்ற கணக்கு. டர்ன் கூடக் கூட வேகம் குறையும். பாறையில் நமக்கு வேண்டியது அந்த நிதானம்தான். அதே வோல்ட்டில் 27 டர்ன் ஓடும் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் 55 டர்ன் ஓடும். லேசர் டாக்கோமீட்டரை வைத்து 7.4 வோல்ட்டில் சும்மா ஓடவிட்டால் நிமிடத்துக்கு 8,500 சுற்றுப் பக்கம் காட்ட வேண்டும். காட்டியது 17,400. சாதாரண 27 டர்ன் சில்வர் கேன் (வெள்ளி நிற உறை) மோட்டாருக்குக் கறுப்பு ஸ்டிக்கர் சுற்றியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் ஏறினாலே கை வைக்க முடியாத சூடு. டாக்கோமீட்டர் இல்லாவிட்டால், தெரிந்த 27 டர்ன் மோட்டார் ஒன்றைக் கொண்டுபோய் ஒரே பேட்டரியில் அடுத்தடுத்து ஓட்டுங்கள். காதுக்கே வித்தியாசம் கேட்க வேண்டும்.

இஎஸ்சியில் டிராக் பிரேக்கே இல்லை. சரிவில் திராட்டிலை விட்டதும் வண்டி பின்னால் உருண்டது. பவரைப் போட்டு, திராட்டில் நியூட்ரலில் இருக்கும்போது சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிசுபிசுவென்று எதிர்க்க வேண்டும். எதிர்ப்பே இல்லை என்றால் அது கிராலருக்கானதல்ல, சாதாரண ஆர்சி காருக்கான இஎஸ்சியாக இருக்கலாம். பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் ஜம்ப்பரையும் பாருங்கள். லைபோ என்ற இடத்தில் இல்லாமல் நிக்கல் பேட்டரி இடத்தில் இருந்தால், பேட்டரி இறங்கியதும் நிறுத்த வேண்டிய கட்ஆஃப் தாழ்ந்துபோய், செல்கள் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும்.

சர்வோ விஷயத்தில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். இஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி) பொதுவாக 2, 3 ஆம்பியர்தான் தரும். நல்ல 35 கிலோ சர்வோவைக்கூட அதில் மாட்டினால் திருப்பும்போது வோல்ட் விழுந்து ரிசீவர் லைட் அணைந்து எரியும். அது விற்றவர் குற்றம் இல்லை, தனியாக 10 ஆம்பியர் பிஇசி போட வேண்டும். அப்படிப் போட்டு, சர்வோ கேட்கும் 7.4 வோல்ட்டைக் கொடுத்துத்தான் சோதித்தோம். 35 கிலோ என்பது அச்சிலிருந்து 1 செமீ தூரத்தில் இழுக்கும் பலம். சர்வோவை வைஸில் இறுக்கி, நடு அச்சிலிருந்து 2 செமீ தள்ளி ஆர்மில் லக்கேஜ் தராசை மாட்டி இழுக்கவிட்டால், 35 கிலோ சர்வோ 17 கிலோ பக்கம் காட்ட வேண்டும். 4.6 கிலோவில் நின்றுவிட்டது. 2 செமீயால் பெருக்கினால் 9.2 கிலோதான். மூடியைக் கழற்றியபோது மூன்றாவது கியர் பிளாஸ்டிக்.

லிங்க்குகளில் (ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் கம்பிகள்) ஏமாற்று என்பதைவிட அலட்சியம்: பின் கீழ் லிங்க் ஒன்று கண்ணுக்குக் கண் (முனைத் துளைக்குத் துளை) 107.5 மிமீ, மற்றது 103. ஆக்சில் கோணலாக நின்று வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தது. சரியான நீளத்துக்கு எம்4 த்ரெட் ராடை வெட்டி, மேலே 6 மிமீ அலுமினியக் குழாய் போட்டுக்கொண்டால் போதும், சென்னை செம்புதாஸ் தெருவில் இரண்டுமே கிடைக்கும். உலோகத்தில் உலோகம் முடுக்கும் இடத்தில் நீல த்ரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. லிங்க் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் ராட் எண்டில் அதைப் போடாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது வந்த பதில்: "ஓட்டிப் பாத்துட்டீங்க சார், ரிட்டர்ன் கிடையாது. பில்லுலயே போட்டிருக்கு." பில் என்று அவர் சொன்னது எஸ்டிமேட் துண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளை விற்றுவிட்டு பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். ஆகவே "ரிட்டர்ன் கிடையாது" என்ற வரியைப் பார்த்து யாரும் பின்வாங்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்தால் புகார் எண் கிடைக்கும். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை.

ஆதாரம் இல்லாமல் அங்கே போய்ப் பயனில்லை. பார்சலைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். பேட்டரி தராசில் இருக்கும் படம், டிஸ்சார்ஜ் முடிந்த சார்ஜர் திரை, காந்தம் ஒட்டாத கியர், உடைந்த பல் என்று ஒவ்வொன்றையும் லேபிள் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை யுபிஐயில் கட்டுங்கள், பொருள் பட்டியலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். "35 கிலோ" என்று அவர் டைப் செய்த அந்த ஒரு வரிதான் இந்தப் புகாரில் இப்போது பலமாக நிற்கிறது.

இதுவரை பேட்டரியை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆக்சிலுக்கும் சர்வோவுக்கும் மோட்டாருக்கும் பதில் இல்லை. இதே வெள்ளை லேபிள் ஒட்டிய 5200 பேக்கை வேறு யாராவது வாங்கியிருந்தால் முதலில் எடை போடுங்கள், 200 கிராமுக்குக் கீழே இருந்தால் சார்ஜரில் மாட்டாதீர்கள். உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து, மொட்டை மாடியில் வெயில் படாத மூலையில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் தள்ளி வையுங்கள். பிறகு மின்கழிவு எடுப்பவர்களிடம் பேட்டரி என்று சொல்லியே கொடுங்கள்.