பொறையாரில் வீட்டுவேலை: கம்பி, கலவை, பெயின்ட் வாங்கிய அனுபவம்

இந்த முறை ஊருக்கு வந்ததே வீட்டைப் பழுதுபார்க்கத்தான். பொறையாருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில், 90-களில் அப்பா கட்டிய தளம் போட்ட வீடு. கூடத்துத் தளத்தில் பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. கிழக்குப் பக்கத்துச் சன்ஷேடில் கம்பி துருவேறி வெளியே தெரிந்தது. சிங்கப்பூரில் உட்கார்ந்து வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கிற வேலை இல்லை இது. விடுப்பில் வந்து கடலோர வீட்டில் கைவைக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, யார் யாரிடம் போனேன், என்ன கிடைத்தது என்பதை எழுதிவைக்கிறேன்.

முதலில் வந்த கான்ட்ராக்டர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஏணி கேட்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. "கொத்திட்டுப் பூசி, மேல ரெண்டு கோட்டிங் வாட்டர்புரூஃப் அடிச்சா பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல சார்" என்றார். எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். துருப்பிடித்த கம்பியின் அடிப்பக்கத்தில் மட்டும் ரெட் ஆக்சைடு தடவி, மேலே சிமென்ட் அப்பி, வெள்ளையடித்துவிடுவார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கும். அப்புறம் அதே இடம் உப்பும்; அதற்குப் பக்கத்திலும் உப்பும்.

சித்தப்பா சொல்லி, மயிலாடுதுறையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். இளம் பெண். பார்த்துச் சொல்வதற்கு மட்டும் கட்டணம் வாங்குகிறார், பொருள் விற்பதில்லை. இதுதான் எனக்கு முதலில் பிடித்தது. சின்னச் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போய், பொத்தென்று கேட்ட இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு ஓர் இடத்தில் உளியால் உடைத்து, புதிதாகத் தெரிந்த கான்கிரீட்டில் காரம் இருக்கும் இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பாக மாறும் பினாப்தலின் கரைசலைத் தெளித்தார். உள்ளே ஆழத்தில் நல்ல இளஞ்சிவப்பு நிறம் வந்தது. கம்பி இருந்த இடம்வரை நிறமே மாறவில்லை.

அவர் விளக்கியது இதுதான். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். கணக்கில் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியைச் சுற்றி மெல்லிய படலம் உண்டாகி அதைத் துருப்பிடிக்காமல் காக்கும். வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கரியமிலவாயு உள்ளே இறங்க இறங்கக் காரம் குறைந்துகொண்டே வரும். அது 9-க்கும் கீழே போனால் படலம் நிற்காது. கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. காரம் குறையாவிட்டாலும் குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கிற பொருள். அது பருக்கும்போது கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. நாம் பார்க்கிற உப்பல் அதுதான். மேலே எந்த பெயின்ட் அடித்தாலும் உள்ளே நடப்பது நிற்காது.

எங்கள் தளத்தில் கம்பிக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் கான்கிரீட்கூட இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி, 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456-இன்படி கடலோரத்தில் இந்த மூடல் 45 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கலவையும் எம்30 என்கிற வலிமைத் தரத்துக்குக் குறையக் கூடாது. அந்தக் காலத்தில் கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லியைச் செருகிவிட்டுத் தளம் போட்டிருக்கிறார்கள்.

வேலைக்கு வந்த மேஸ்திரியைப் பற்றி நிறைவாகவே எழுத வேண்டும். திருக்கடையூர்ப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கும் வயது. வட்டம் போட்ட இடத்தில் கொத்தியதோடு நிற்காமல், கம்பிக்குப் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் குடைந்தார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, வெள்ளி மாதிரி பளிச்சென்று தெரிகிறவரை விடவில்லை. "பின்னாடி துரு இருந்தா முன்னாடி பூசி என்ன தம்பி பிரயோசனம்" என்று வேலையை நிறுத்தாமலே சொன்னார். கால்வாசிக்கு மேல் தேய்ந்துபோயிருந்த கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டினார். அதன் பிறகுதான் துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர், பழையதோடு புதியதை ஒட்டவைக்கும் ஒட்டுப்பால், பாலிமர் கலந்த கலவை, ஒவ்வொரு படையாக. படைக்கும் படைக்கும் நடுவே காத்திருக்க வேண்டியிருந்தது. அவசரப்படுத்திய என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

கிழக்குச் சன்ஷேடைக் காப்பாற்ற முடியவில்லை, இடித்துப் புதிதாகப் போட்டோம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற சன்ஷேடுக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் வர வேண்டும். பழையதை இடித்தபோது பார்த்தால் கம்பி நடுவுக்கும் கீழே கிடந்தது. கான்கிரீட் போடும்போது யாரோ மேலே ஏறி நின்றிருக்கிறார்கள். இந்த முறை மேஸ்திரி கம்பி கீழே இறங்காமல் தாங்கிப்பிடிக்க அடியில் நாற்காலி போல வளைத்த கம்பி வைத்து, சித்தாள்கள் நிற்கத் தனியாகப் பலகை போட்டார்.

கம்பி வாங்கிய கடையில் ஒரு சின்னத் தகராறு. எண்ணிக்கைக் கணக்கில் விலை சொன்னார்கள், எடை போட்டுக் கேட்டதும் முகம் மாறியது. கணக்கு எளிது: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் வரும். 8 எம்.எம். கம்பி 12 மீட்டருக்கு ஏறக்குறைய 4.74 கிலோ, 10 எம்.எம். 7.4 கிலோ. அந்தக் கடையில் எடை கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. வேறு கடைக்குப் போய், 500டி என்ற தரம் கம்பியிலேயே பொறித்திருந்ததை எடை போட்டு, ரசீதோடு வாங்கினோம்.

சிமென்ட் கடைக்காரர் 53 கிரேடைத்தான் எடுத்து வைத்தார். "இதுதான் ஸ்ட்ராங்கு." 28 நாளில் அதன் வலிமை கூடுதல், உண்மைதான். ஆனால் உப்புக்காற்றுக்குச் நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டோ, இரும்பு உலைக் கசடு கலந்த சிமென்டோ நல்லது. குளோரைடு அதில் அவ்வளவு சுலபமாக இறங்காது. பொறியாளர் இதை எழுதியே கொடுத்திருந்ததால் வாக்குவாதம் தேவைப்படவில்லை. மூட்டையில் அச்சிட்டிருக்கும் வாரத்தையும் வருஷத்தையும் பார்த்து வாங்குங்கள். மூன்று மாதம் கிடந்த மூட்டை நம் ஊர் ஈரத்தில் பழைய வலிமையோடு இருக்காது. 2025 செப்டம்பரில் சிமென்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ரசீதில் அதையும் பாருங்கள்.

ஆற்று மணல் பேச்சே இல்லை, கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட்தான். தளத்துக்கு எம்-சாண்ட், பூச்சுக்குச் சன்னமான பி-சாண்ட். கையில் எடுத்து உதறினால் உள்ளங்கையில் மாவாக ஒட்டியது ஒரு லோடு. குவாரித் தூள் கலந்தது என்று மேஸ்திரி பார்த்தவுடனே சொல்லிவிட்டார், திருப்பி அனுப்பினோம். லாரிக்காரர் சண்டை போடாமல் எடுத்துப் போனதைச் சொல்லியாக வேண்டும்.

யாரும் சொல்லாத விஷயம் தண்ணீர். எங்கள் போர்வெல் தண்ணீர் இப்போது வாயில் வைத்தாலே கரிக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் கூடாது. இத்தனை செலவு செய்து துருவை எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் துருவை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம். டேங்கரில் நல்ல தண்ணீர் வாங்கினோம், போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்து நீராற்றவும் அதுதான். பி.பி.சி. சிமென்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது. பகலில் சணல் சாக்கை நனைத்துப் போடுகிற பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். மற்றவர்களை நம்பவில்லை.

ஜன்னல் கிரில்லுக்கு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் "எஸ்.எஸ். போட்டுடலாம் அண்ணே, துருவே பிடிக்காது" என்றார்கள். எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்; அதில் 202, 304, 316 என்று தரங்கள் உண்டு. அவர்கள் காட்டியது 202. காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி நம்பவைக்கப் பார்த்தார்கள். 202, 304 இரண்டிலுமே காந்தம் ஒட்டாதே. கடலுக்குப் பக்கத்தில் 304-கூடப் பழுப்புக் கறை பிடிக்கும், 316 தாங்கும், விலையும் அதற்கேற்ப. நாங்கள் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த (ஹாட் டிப் கால்வனைஸ்டு) இரும்பையே எடுத்து, வெல்டிங் செய்த இடங்களில் மட்டும் ஜிங்க் பிரைமரும் எனாமலும் அடித்தோம்.

கொல்லைக் கொட்டகைக் கூரையின் பனங்கைகளுக்கு, அதாவது பனைமரச் சட்டங்களுக்கு, கடையில் கரையான் மருந்து கேட்டபோது, பக்கத்தில் நின்ற மீனவர் ஒருவர் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயைச் சொன்னார். படகுக்கும் மரத்துக்கும் கடற்கரையில் அடிக்கிற பழைய பூச்சு. கறுப்பாக, வாடையாக இருக்கும்; தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. பனங்கை வைரம் பாய்ந்ததாக இருந்ததால் அதையே இரண்டு கை அடித்தோம். பார்க்க நாகரிகமாகத் தெரியவில்லை, ஆனால் கரையானுக்கு அது பிடிக்காது.

ஒரு சாயங்காலம் தரங்கம்பாடிக் கோட்டைப் பக்கம் நடந்தேன். 1620-இல் டேனிஷ்காரர்கள் தொடங்கிய கட்டடம், செங்கல்லும் சுண்ணாம்பும். பழுதுபார்த்துப் பராமரிக்கிறார்கள், சரிதான். ஆனாலும் கடலுக்கு எதிரிலேயே நிற்கும் அந்தச் சுவர்களுக்குள் துருவேறிப் பருக்கக் கம்பி இல்லை என்பது இப்போது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பெயின்டை இந்த முறை அடிக்கவில்லை. புதுப் பூச்சு நன்றாகக் காயாமல் அடித்தால் உள்ளிருக்கும் ஈரமும் உப்பும் வெளியே வந்து பொரிந்துவிடும் என்று பொறியாளர் தடுத்துவிட்டார். ஐப்பசி, கார்த்திகை மழை போய், தை பிறந்த பிறகு ஓதம் இல்லாத நாளில் பிரைமரும் வெளிப்புற எமல்ஷனும். கலர் நம்பரைக் கடையில் எழுதி வாங்கிச் சித்தப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். டப்பாவைத் தன் கண்ணெதிரில் திறக்கச் சொல்லி, எவ்வளவு தண்ணீர் கலக்கிறார்கள் என்று நின்று பார்ப்பதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். பெயின்டருக்கு முன்பணம் கொடுக்கவில்லை.