கடலுக்குப் போகும்போது நாவலை என்ன செய்வது?

பத்து நாள் கடற்கரைப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பதிப்பாளருக்குக் கொடுத்த கெடு, திரும்பி வந்து ஐந்தாறு வாரத்தில். நாவல் பாதியில் நிற்கிறது. இந்த இடத்தில் நான் மூன்று முறை நின்றிருக்கிறேன். மூன்று முறையும் வெவ்வேறு முடிவு எடுத்தேன். இப்போது எது சரி என்பதில் எனக்கு ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. இதே இடத்தில் நிற்கும் இன்னொருவருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். முடித்துவிட்டுப் போகலாம். வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போகலாம். முழு வேலையையும் தூக்கிக்கொண்டு போகலாம். அல்லது தினம் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் நாவலுக்கு என்று ஒதுக்கிவிட்டு, மீதி நாளைக் கடலுக்குக் கொடுக்கலாம். நான் நான்காவது கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முடித்துவிட்டுப் போவதுதான் சிறந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் பயணத் தேதி நகராது, நாவல்தான் நகர்ந்துகொண்டே இருக்கும். கடைசி மூன்று அத்தியாயங்களைப் பெட்டி கட்டும் அவசரத்தில் எழுதினால் அந்த அவசரம் பக்கத்தில் தெரியும். தஸ்தயேவ்ஸ்கி 1866இல் ஒரு முழு நாவலை 26 நாளில் முடித்துக் கொடுத்தாரே என்று கேட்கலாம். அவர் சுருக்கெழுத்தாளரிடம் வாயால் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். கெடு தவறினால் தன் எழுத்துகளின் உரிமையே வருடக்கணக்கில் பதிப்பாளரிடம் போய்விடும் என்ற ஒப்பந்தம் அவர் கழுத்தில் இருந்தது. அந்த நெருக்கடியை ஒரு விடுமுறைக்காக நாமே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் வரைவு முடிந்து, திருத்தம் தொடங்காத அந்த இடைவெளியில் பயணம் விழுந்தால் யோசிக்காமல் போய்விடுங்கள், நோட்டுகூட வேண்டாம். வரைவை முடித்ததும் குறைந்தது ஆறு வாரம் அதைக் கண்ணில் படாமல் வையுங்கள் என்று அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் சொல்கிறார். அந்தச் சமயத்தில் மறதி நமக்கு வேலை செய்கிறது. நடுவில் போனால் அதே மறதிதான் நம்மைச் சாய்க்கிறது. எனக்கு அந்த வாய்ப்பு ஒரு முறைதான் அமைந்தது, அதுவும் தற்செயலாக.

சரி, பாதியில் நிற்கும் நாவலுக்கு வருவோம்.

முதல் முறை நான் செய்தது பூட்டி வைத்துவிட்டுப் போனது. ஓய்வு என்றால் முழு ஓய்வு, திரும்பி வந்து தெளிந்த மூளையோடு உட்காரலாம் என்று நினைத்தேன். பத்து நாளும் அருமையாகப் போயின. மூளையும் தெளிந்துதான் வந்தது. ஆனால் அந்தத் தெளிந்த மூளையில் நாவல் இல்லை. இந்த ஒப்பீட்டில் மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்: விட்ட இடத்துக்குள் திரும்ப நுழைய எத்தனை நாள் ஆகிறது என்ற கணக்கு.

நாவலை நிறுத்தும்போது கையெழுத்துப் பிரதி அப்படியே இருக்கிறது, எதுவும் தொலைவதில்லை என்றுதான் தோன்றும். ஆனால் பிரதியில் இருப்பது எழுதி முடித்த பகுதி மட்டும். எழுதப்போகும் பகுதி தலைக்குள் ஒரு சூடாக இருக்கிறது. யாருக்கு எந்த ரகசியம் எந்த அத்தியாயத்தில் தெரியவரும், யார் யாரிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள், இந்தப் பாத்திரம் கோபம் வந்தால் வாக்கியத்தைப் பாதியில் விடுமா, இழுத்துப் பேசுமா... இவற்றை யாரும் குறிப்பெடுத்து வைப்பதில்லை. தினமும் தொட்டுக்கொண்டிருப்பதால் நினைவில் நிற்பவை இவை. தொடாவிட்டால் நாலைந்து நாளில் ஆறிவிடும்.

அந்த நாவலில் இரண்டு சகோதரிகள். அக்கா சுருக்கமாகப் பேசுவாள், கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்வாள். தங்கை சுற்றி வளைத்துத்தான் எதையும் சொல்லுவாள். நான் திரும்பி வந்து எழுதிய முதல் காட்சியில் அக்கா பக்கம் பக்கமாக விளக்கம் கொடுத்தாள். எழுதும்போது எனக்கு அது தெரியவே இல்லை. மூன்று நாள் கழித்துப் பழைய அத்தியாயத்தோடு சேர்த்துப் படித்தபோதுதான் அவள் வாயில் தங்கை பேசிக்கொண்டிருப்பது புரிந்தது. ஆரம்பத்திலிருந்து முழுதும் படித்தேன். வழக்கமாக நாளைக்கு அறுநூறு சொல் எழுதுகிறவள், முதல் வாரம் முழுக்கச் சேர்த்துத் தொள்ளாயிரம் சொல்தான் எழுதினேன். அதுவும் பிறகு திருத்தத்தில் போய்விட்டது. பழைய வேகம் வரப் பன்னிரண்டு நாள் பிடித்தது. ஆக நான் எடுத்தது பத்து நாள் விடுமுறை, நாவல் எடுத்துக்கொண்டது இருபத்திரண்டு நாள். கெடுவைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று. அந்தக் கடிதத்தை எழுதிய அன்று எனக்குப் பட்ட வேதனையில், கடற்கரையில் கிடைத்த ஓய்வு முழுதும் கரைந்துபோனது.

ஒரு நாள் இடைவெளிக்கே இந்தச் செலவு உண்டு என்பதை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப்பின் வழக்கத்தில் பார்க்கலாம். அவர் விடிகாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதுவார். கால் மணிக்கு 250 சொல் என்று கைக்கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதியவர். அப்படிப்பட்டவரே முதல் அரை மணி நேரத்தை முந்தின நாள் எழுதியதைப் படிக்கத்தான் செலவிட்டார். நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் ஓர் இரவு, அதைக் கடக்கவே ஆறில் ஒரு பங்கு நேரம். பத்து இரவு என்றால் யோசித்துப் பாருங்கள்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு எதிர்ப்பக்கம் போனேன். அடுத்த பயணத்தில் மடிக்கணினி, அச்செடுத்த அத்தியாயங்கள், குறிப்பட்டைகள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, நாளைக்கு ஆயிரம் சொல் என்ற உறுதியோடு போனேன். இந்த வழிக்கு ஆதரவாக எல்லோரும் சொல்வது ஜேம்ஸ் பாண்ட் நாவல்களை எழுதிய இயன் ஃபிளெமிங்கைத்தான். ஜமைக்காவின் வடகரையில் கோல்டன்ஐ என்ற வீட்டைக் கட்டிக்கொண்டு, 1952இலிருந்து ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அங்கே போய் நாவல் எழுதினார். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், நாளைக்கு இரண்டாயிரம் சொல், ஆறு வாரத்தில் ஒரு நாவல். இதைக் கேட்கும்போது கடலோரத்தில் நாவல் தானாக வந்துவிடும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு அங்கே இரண்டு மாதம் இருந்தது. அது சொந்த வீடு. அதே மேசை, அதே அறை. கடலைப் பார்த்தபடி எழுதவும் இல்லை, ஜன்னல் மரத்தட்டிகளை மூடிவிட்டுத்தான் உட்கார்ந்தார். சொந்த வீடு இல்லாதவர்களுக்கு, வழக்கமான வாழ்க்கையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு தள்ளியிருக்கும் ஒரு ஹோட்டல் அறையைத்தான் அவர் பரிந்துரைத்தார். அது இடம்மாறி வேலை செய்வது. பத்து நாள் குடும்பத்தோடு போகிற நம் கணக்கு வேறு.

எனக்கு நடந்தது இதுதான். காலை ஒன்பது மணிக்கு மேல் வராந்தாவில் திரையே தெரியவில்லை, அவ்வளவு கூசல். பெரும்பாலான மடிக்கணினிகளை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் வைத்துப் பயன்படுத்தத்தான் சொல்கிறார்கள். நேரடி வெயிலில் அது சீக்கிரம் தாண்டிவிடும். உப்புக்காற்றும் மணலும் வேறு. அச்செடுத்த தாள்களைக் காற்று விடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அரை மணிக்கு ஒருமுறை மகள் வந்து, “அம்மா, முடிஞ்சுதா?” என்று கேட்டாள். இல்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்கு எழுத்தும் ஓடவில்லை, அவளோடு போகவும் மனம் வரவில்லை. தண்ணீரில் நிற்கும்போது எழுதாத பக்கங்கள் நினைவுக்கு வந்தன, எழுதும்போது அலைச்சத்தம். பத்தாயிரம் எழுதப் போனவள் 3,400 சொல்லோடு திரும்பினேன்.

நாவல் ஆறவில்லை, அதை மறுக்கமாட்டேன். வந்த மறுநாளே தொடர முடிந்தது. ஆனால் ஓய்வு என்று ஒன்று கிடைக்கவே இல்லை. களைத்துப்போய் வந்தேன். கெடுவுக்கு முந்தைய கடைசி வாரத்தில் அந்தக் களைப்பு நன்றாகவே தெரிந்தது.

மூன்றாவது பயணத்தில் செய்ததுதான் ஒரு மணி நேர முறை. மடிக்கணினியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு, இரண்டு பேனா, கடைசி அத்தியாயத்தின் அச்சுப்படி மட்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். கோடையில் நீள்வதும் இல்லை, குளிர்காலத்தில் குறைவதும் இல்லை. விடியலும் சட்டென்று விடியும், அந்தியும் சட்டென்று இருட்டும். இந்த ஒழுங்கு எனக்குக் கைகொடுத்தது. வெளிச்சம் வந்ததும் எழுந்து எழுதுவேன். மணி அடித்ததும் மூடிவிடுவேன், வாக்கியம் பாதியில் இருந்தாலும் சரி. அப்போதுதான் மகள் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பாள். அவளைப் பொறுத்தவரை அம்மா அந்தப் பயணத்தில் எழுதவே இல்லை.

பாதியில் நிறுத்துவது முக்கியம். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்த வேண்டும் என்று ஹெமிங்வே சொன்னது வீட்டில் இருக்கும்போது எனக்கு ஒரு நல்ல பழக்கமாக மட்டும் பட்டது. பயணத்தில் அதுதான் அச்சாணி. காட்சியை முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம் போதாது. பாதியில் விட்டால் அது பகல் முழுக்க உள்ளே எங்கோ நடந்துகொண்டிருக்கும். நீந்தும்போது யோசிக்கவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் ஒரு வரி வந்து நிற்கும்.

எந்த ஒரு மணி நேரம் என்பதையும் சொல்லவேண்டும். நடுப்பகல்தான் பொருத்தம் என்று முதலில் நினைத்தேன். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை வெயில் கடுமை, எப்படியும் நிழலில்தான் இருக்கப்போகிறோம், அந்த நேரத்தை எழுத்துக்குக் கொடுக்கலாமே என்று. முதல் இரண்டு நாள் முயன்றேன். நீந்திவிட்டு வந்த உடம்பு தூக்கத்தைத்தான் கேட்டது. அதோடு, அதற்குள் நாலு பேரோடு பேசியிருப்போம், சிரித்திருப்போம், அக்காவின் குரல் அந்த இரைச்சலில் கேட்காது. விடிகாலையில் யாரோடும் பேசுவதற்கு முன்னால் அவள் குரல்தான் முதலில் வருகிறது. அதிகாலைக் கடல் அழகானது என்பது உண்மை, அதை இழக்கிறோம். நான் மாலைக் கடலைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் எழுதினேன், ஒரு நாள் விடியற்காலைப் படகுப் பயணத்துக்காக விட்டேன். மொத்தம் ஏறக்குறைய 2,600 சொல். முழு வேலையைச் சுமந்து போனபோது கிடைத்ததைவிட எண்ணூறு சொல்தான் குறைவு. ஆனால் சொல் எண்ணிக்கையை நான் இதில் பெரிதாக எடுப்பதில்லை. ஊர் திரும்பி இரண்டாவது நாள் அறுநூறு சொல் வந்தது. அக்கா கேள்விக்குக் கேள்வி கேட்டாள்.

கெடு பற்றி ஒரே ஒரு விஷயம். எந்த வழியில் போனாலும், பதிப்பாளரிடம் பயணத் தேதியை ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுங்கள். நாட்காட்டியில் அந்தப் பத்து நாளை எழுதும் நாள் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். நான்காவது வழியில் எழுதும் பக்கங்களைக்கூடக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்த நிமிடமே அது மூன்றாவது வழியாகிவிடும்.

இதெல்லாம் எல்லோருக்கும் பொருந்துமா என்றால், தெரியாது. நான் இரண்டு வாரத்துக்கு மேல் எந்தப் பயணமும் போனதில்லை. ஒரு மாதம் தங்குகிறவர்களுக்கு ஃபிளெமிங் வழிதான் சரியாக இருக்கலாம். டிராலப் 1871இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போனபோது, அறையில் முன்கூட்டியே மேசை அமைக்கச் சொல்லி, இரண்டு மாதக் கடற்பயணத்தில் ஒரு முழு நாவலை எழுதி முடித்தார். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு விடிகாலை ஒரு மணி நேரம் என்பதே கிடைக்காது. என் மகள் வளர்ந்தவள் என்பதால் எனக்குக் கிடைத்தது. மெய்ப்புத் திருத்தம் வேறு கதை. அதற்குள் திரும்ப நுழைய அதிக நேரம் ஆகாது, தாளாக எடுத்துப்போய் நிழலில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்பது என் ஊகம். செய்து பார்த்ததில்லை. வாரத் தொடர் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. கல்கி தன் பெரிய சரித்திரத் தொடரை 1950இலிருந்து 1954 வரை வாரவாரம் கொண்டுபோனார். அந்த ஓட்டத்துக்கு நடுவே பத்து நாள் என்பது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை.

அடுத்த பயணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வரைவு இப்போது பதினோராவது அத்தியாயத்தில் நிற்கிறது, மொத்தம் பதினெட்டு வரும் போலிருக்கிறது. அதற்குள் முடிந்தால் வெறுங்கையோடு போவேன். முடியாவிட்டால் பச்சை நோட்டில் இன்னும் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது.