தங்க க்ரோனோகிராஃப் ஏலம்: பவுன் கணக்கு பார்க்கலாமா?

பழைய தங்க வாட்ச் என்றால் நம் குமரி மாவட்டத்தில் முதலில் கேட்பது "எத்தனை பவுன் தேறும்?" என்றுதான். ஸ்டாப்வாட்ச் வசதி கொண்ட க்ரோனோகிராஃப் ஏலத்துக்கு வரும்போது இந்தக் கேள்வியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். பட்டேக் ஃபிலிப் என்ற சுவிஸ் வாட்ச் கம்பெனி 1941ல் கொண்டுவந்த 1518 மாடலில் மொத்தம் 281தான் செய்தார்கள். பெரும்பாலானவை தங்கம், நான்கு மட்டும் எஃகு என்று தெரிய வந்திருக்கிறது. 2016ல் ஜெனீவா ஏலத்தில் அந்த எஃகு வாட்ச் ஒன்று 1.1 கோடி சுவிஸ் ஃப்ராங்குக்குப் போனது. தங்கத்தில் செய்த 1518 எதுவும் அதுவரை அந்த விலையைத் தொட்டதில்லை.

நம் கைக்கு எட்டக்கூடிய மூன்று வாட்ச்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, டயலில் 'க்ரோனோகிராஃப் சுவிஸ்' என்று எழுதிய 18 காரட் வாட்ச். அது ஒரே கம்பெனியின் பெயரல்ல. 1940, 50களில் பல சிறு தயாரிப்பாளர்கள் அந்தப் பெயரில் விற்றார்கள். பெரிதாக, பளபளவென்று இருக்கும். கையில் எடுத்தால்தான் விஷயம் புரியும். கேஸ், அதாவது வெளிக்கூடு, பெரும்பாலும் மெல்லிய தங்கத் தகடுதான்; பட்டை மாட்டும் கொம்புகளும் உள்ளே வெறுங்கூடு. ஒரு முறை பாலீஷ் போட்டாலே ஓரங்கள் மழுங்கிவிடும், பிறகு ஓட்டையும் விழும். உள்ளே பெரும்பாலும் லாண்டரோன் 48 மெஷின். மேல் பட்டன் ஓட்டத்தைத் தொடங்கும். கீழ்ப் பட்டன் நிறுத்தும், மறுபடி அமுக்கினால் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். எளிமையான, உழைக்கிற மெஷின், அதில் குறையில்லை. ஆனால் அபூர்வம் என்று சொல்லி ஏலத்தில் விலை ஏற்றினால் விலகிவிடுங்கள். இது ஏராளமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, லாஞ்சின்ஸ் 30சிஎச் மெஷின் கொண்ட தங்க வாட்ச். என் ஓட்டு இதற்குத்தான். 1947ல் வந்த இந்த மெஷினை அந்தக் கம்பெனி தன் சொந்தப் பட்டறையிலேயே செய்தது. ஸ்டாப்வாட்ச்சை இயக்குவது, மேலே சிறு தூண்கள் நிற்கும் தூண் சக்கரம் என்பதால் பட்டன் அமுக்கும்போது விரலுக்கு ஒரே சீரான மென்மை தெரியும். பலவற்றில் ஃப்ளைபேக் உண்டு: முள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ்ப் பட்டனை அமுக்கினால் பூஜ்யத்துக்குத் தாவி, கையை எடுத்ததும் மறுபடி ஓடும். இன்னொரு பெரிய பலம், மெஷின் எண்ணை வைத்துக் கம்பெனியிடம் பழைய பதிவேட்டின் நகலைக் கேட்கலாம். அந்த நகல் இல்லாமல் அதிக விலைக்குப் போக நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பதிவேடு மட்டுமே போதாது. 2021ல் ஜெனீவாவில் 31 லட்சம் ஃப்ராங்குக்கு மேல் விலைபோன ஒமேகா கம்பெனியின் ஸ்பீட்மாஸ்டர் க்ரோனோகிராஃப், பல வாட்ச்களின் உதிரிகளைச் சேர்த்துக் கட்டியது என்று ஒமேகாவே 2023ல் ஒப்புக்கொண்டது. அதில் தன் முன்னாள் ஊழியர்களுக்குத் தொடர்பு இருந்ததையும் அது மறைக்கவில்லை. அதனால் டயல், முள், கேஸ், மெஷின் நான்கும் ஒரே வாட்ச்சில் பிறந்தவையா என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள். மறுபூச்சுப் போட்ட டயலில் எழுத்தின் ஓரம் தடித்துக் காணும். கேஸுக்குள் 18 காரட்டைக் குறிக்கும் 750 என்ற எண்ணோ ஹெல்வெஷியா என்னும் பெண் தலை முத்திரையோ தெளிவாக இருக்க வேண்டும். கேஸின் வெளிப்புறத்தில் உள்ள முத்திரை தேய்ந்திருந்தால் கேஸ் நிறைய பாலீஷ் கண்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, யுனிவர்சல் ஜெனீவ் ட்ரை-காம்பாக்ஸ். 1944ல் வந்தது. க்ரோனோகிராஃப், காலண்டர், நிலவின் பிறை மூன்றும் ஒரே டயலில். மூன்றில் அழகு இதுதான், மறுக்கவே முடியாது. ஆனால் நுண்பாகங்கள் கூடக்கூட சர்வீஸ் செலவும் கூடும். நாகர்கோவிலில் சாதாரண வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் இதைத் திறக்கக் கொடுக்காதீர்கள். இந்த வகையில் கைப்பழக்கம் உள்ளவர் வேண்டும். பழைய பட்டன்கள் ஈரத்தை முழுதாகத் தடுக்காது. நம் மாவட்டத்துக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. கொளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் வீடு என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அங்கே தினமும் கட்ட இதை வாங்காதீர்கள்.

கையைத் தூக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். சுத்தியல் விழுந்த விலையோடு செலவு முடியாது. ஏல நிறுவனத்தின் கமிஷன் மேலே ஏறும். வெளிநாட்டில் எடுத்தால் காப்பீட்டோடு அனுப்பும் செலவு, சுங்க வரி, ஜிஎஸ்டி என்று நீளும். நீங்கள் ஒதுக்கிய பணத்தில் இவ்வளவையும் கழித்த பிறகு நிற்கும் தொகைதான் நீங்கள் கேட்கக்கூடிய உச்ச விலை. அதை ஏலத்துக்கு முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.