நெட் தமிழ்த் தேர்வு: கையேடு, வினாத்தாள், மூலநூல் – எது கைகொடுக்கிறது?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் தமிழ் எழுதுபவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளத்தில் படித்தவர்கள். அவர்களுக்குப் பாடம் நடத்துகையில் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தவை மூன்று: கடையில் கிடைக்கும் ஒருவரி வினாவிடைக் கையேடு, பழைய வினாத்தாள்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் உரையோடு கிடைக்கும் மூலநூல்கள். நம்பிப் பயன்படுத்தலாம் என்றால் பின்னிரண்டைத்தான் சொல்வேன்.

பொதுத் திறனைச் சோதிக்கும் முதல் தாளில் 50 வினா, தமிழுக்கான இரண்டாம் தாளில் 100. வினாவுக்கு 2 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து 3 மணி நேரம், இடைவேளை கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால் ஒரு வினாவையும் விடக்கூடாது.

கையேடு சறுக்குவது பொருத்துக வினாக்களில். சங்க நூலான ஐங்குறுநூற்றில் ஒவ்வொரு திணையையும் பாடியவர் ஒருவர்: மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். கலித்தொகையில் பாலை பெருங்கடுங்கோ, குறிஞ்சி கபிலர், மருதம் மருதன் இளநாகனார், முல்லை சோழன் நல்லுருத்திரன், நெய்தல் நல்லந்துவனார். குறிஞ்சிக்கு இரண்டிலும் கபிலர்தான். தனித்தனி வரியாக மனப்பாடம் செய்தவர் "நெய்தல்" என்றதும் எந்த நூல் என்று பார்க்காமல் குறித்துவிடுகிறார். இரண்டு நூலையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி, திணை வரிசையையும் அப்படியே வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. ஐங்குறுநூறு மருதத்தில் தொடங்குகிறது. கலித்தொகை கடவுள் வாழ்த்துக்குப் பின் பாலையில் தொடங்குகிறது.

அகநானூற்றில் மனப்பாடமே வேண்டாம், எண்ணைப் பார்த்தால் போதும். ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை. எண் 2, 8 என முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 0 நெய்தல். நூலைப் புரட்டி நாலைந்து பாடலில் மாணவரே சரிபார்த்துவிட்டால் பிறகு மறப்பதில்லை.

காலவரிசை வினாக்களுக்கு அட்டைகள் நன்றாக உதவுகின்றன. முன்பக்கம் நூல், பின்பக்கம் ஆண்டு. உ.வே.சா. பதிப்புகள் மட்டும் ஒரு கட்டு: சீவகசிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. தினமும் கலைத்துப்போட்டு மேசைமேல் வரிசையாக அடுக்கச் சொல்ல வேண்டும். கேட்பது வரிசையைத்தான் என்பதால், ஆண்டை வாயால் ஒப்பிப்பது இதற்கு ஈடாகாது.

அதிக உழைப்பு கேட்பது செய்யுள் வாசிப்பு. மலையாளவழியில் படித்தவர்களுக்கு, புணர்ந்து நிற்கும் சொற்களைப் பிரிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. குறுந்தொகையில் தொடங்குவதே நல்லது. நான்கு முதல் எட்டு அடிதான். ஒரு பாடலை வாய்விட்டு இரண்டு முறை படித்து, சொற்களைப் பென்சிலால் கோடிட்டுப் பிரித்து, வினைமுற்றைக் கண்டுபிடித்து, யார் யாரிடம் சொல்வது என்று ஓரத்தில் எழுதிய பிறகே உரையைத் திறக்கலாம். முதலிலேயே உரையைப் பார்த்தால் பாடல் மனதில் தங்காது. தேர்வுக்கூடத்தில் உரையும் இருக்காது. இந்தப் பழக்கம் பிடிபட மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்தக்கூடாது. மதுரைத்திட்டத் தளத்தின் மூலபாடங்கள் பயிற்சிக்கு ஏற்றவை. அவற்றில் பலவும் உரையில்லாமல் இருப்பதே இங்கே நன்மை.

தமிழில் தேர்ந்தவர்களும் தடுமாறுவது முதல் தாளில். அது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதிலுள்ள வாசிப்புப் பத்திக்கு 5 வினா, தரவு அட்டவணைக்கு 5 வினா. ஆங்கிலப் பத்தியை நாளைக்கு ஒன்றாவது, வினாக்களை முதலில் படித்துவிட்டு வாசிக்க வேண்டும். இந்தத் தாளை ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் இலக்கியத்துக்கு நெருக்கடி இல்லை.

பழைய வினாத்தாள்களைப் பதிவிறக்கும்போது விடைக்குறிப்பையும் கவனியுங்கள். முதலில் வருவது தற்காலிகக் குறிப்பு. ஆட்சேபங்களுக்குப் பிறகு அதில் சில விடைகள் மாறும். இறுதிக் குறிப்பைத்தான் அச்சிட்டு வினாத்தாளோடு தைத்து வைக்க வேண்டும்.